மைத்ரி–2 எழும் முன்பே ஓடுபாதைக்கு ஆட்களைத் தயார் செய்யுங்கள்

மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தாருக்கும், கோவா வாஸ்கோவில் இயங்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தாருக்கும்

வணக்கம்.

2024 மே மாதம் கொச்சியில் நடந்த அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகளின் 46-வது கூட்டத்தில், மைத்ரி–2 என்ற புதிய நிலையம் கட்டும் திட்டத்தை இந்தியா அறிவித்தது. அண்டார்க்டிகாவில் 1989 முதல் உழைத்துவரும் நம் மைத்ரி நிலையத்துக்கு மாற்று வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. கட்டடம், மின்சாரம், ஆய்வுக்கூடம் என்று பலவற்றையும் நீங்கள் இப்போது யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கத்தான் இந்த மடல். பனியில் ஓடுபாதை போடவும் அதைக் கட்டிக்காக்கவும் தெரிந்த ஒரு குழு நமக்கென்று சொந்தமாக இருக்க வேண்டும். நிலையம் எழுந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் திருச்செங்கோடு. போர்வெல் ரிக் வண்டிகளோடு வளர்ந்தவன். பிறகு அமெரிக்காவில் குடியேறி, மண் வேலை இயந்திரங்கள் ஓட்டி, அந்த அனுபவத்தால் அண்டார்க்டிகாவில் உள்ள அமெரிக்காவின் மக்மர்டோ நிலையத்தின் ஓடுபாதைக் குழுவிலும், சில காலம் தென் துருவ நிலையத்திலும் வேலை செய்தேன். டோசர், கிரேடர், ரோலர் ஓட்டுவதுதான் வேலை. நான் விஞ்ஞானி அல்ல. விஞ்ஞானிகள் வந்து இறங்கும் தரையைப் போட்டவர்களில் ஒருவன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த வேலைக்குப் பொருத்தமான கைகள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன. அவர்களும் இதைப் படிக்க வேண்டும். உங்கள் அமைச்சகத்தின் கீழ் வரும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமே பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது, மொழிபெயர்த்துத் தர ஆளுக்கா பஞ்சம்!

ஓடுபாதை என்றதும் தார் அல்லது கான்கிரீட் நினைவுக்கு வரும். ஒருமுறை போட்டால் பல வருஷம் கிடக்கும். பனி ஓடுபாதை அப்படிக் கிடக்காது. காற்று அதன் மேல் பனியைக் கொண்டுவந்து குவிக்கும், வெயில் இளக்கும், கீழே இருக்கும் பனித்தட்டே கடலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். நேற்று விமானம் இறங்கிய பாதையில் இன்று இறங்கலாமா என்பதை இன்றுதான் சொல்ல முடியும். அதனால் அதை ஒரு கட்டுமானச் செலவாக ஒரே வரியில் எழுதி முடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது தினசரி வேலை. அதற்குத் தினசரி ஆள் வேண்டும்.

மக்மர்டோவின் கதையே நல்ல பாடம். அங்கே 1990-களின் தொடக்கத்திலிருந்து பெகாசஸ் என்ற ஓடுபாதை இருந்தது. பனிக்கட்டியை மட்டப்படுத்தி, அதன்மேல் மெல்லிய பனிப் படலம் போர்த்தி, சக்கர விமானங்களை இறக்கினார்கள். 1970 அக்டோபர் 8 அன்று பனிப்புயலில் மோதி நொறுங்கிய ஒரு கான்ஸ்டலேஷன் விமானத்தின் பெயர் அது. அதில் இருந்த 80 பேரும் உயிர் பிழைத்தார்கள். விமானத்தின் சிதைவு இன்னும் அந்தப் பக்கம் பனியில் கிடக்கிறது. அந்த ஓடுபாதையைக் கடைசியில் மூட வைத்தது தூசி. காற்றில் அடித்துவரப்பட்ட கருந்தூசி பனிமேல் படியும், கருப்பு வெயிலை உறிஞ்சும், அந்த இடம் மட்டும் உருகிக் குழியாகும். கோடையில் ஓடுபாதை முழுக்க இப்படிப் பொத்தலானால் கன விமானத்தை எங்கே இறக்குவது? 2016-இன் முடிவில் பெகாசஸை மூடிவிட்டார்கள்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் பீனிக்ஸ். மக்மர்டோவிலிருந்து சுமார் 18 கி.மீ. தூரத்தில், தூசி குறைந்த, பனி ஆழமாக விழும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே அடியில் பனிக்கட்டித் தளம் கிடையாது. பனியையே இறுக்கி இறுக்கித் தளமாக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஹானோவரில் உள்ள அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் குளிர்ப்பகுதி ஆய்வுக்கூடம் வழிமுறை வகுத்துத் தந்தது. 2017 பிப்ரவரியில் முதல் சி-17 விமானம் அதில் இறங்கியது. அந்த விமானம் முழுச் சுமையோடு 250 டன்னைத் தாண்டும். அதைத் தாங்குவது முன்சக்கரங்கள் இரண்டும் பின்னால் பன்னிரண்டும் மட்டும்தான். அவ்வளவு எடையையும் பனி தாங்குகிறது.

எப்படித் தாங்குகிறது என்று நேரில் பார்க்காதவர்களுக்கு நம்பிக்கை வராது. மழைக்காலத்தில் ஜாடியில் இருக்கும் கல் உப்பு தானாகவே கட்டிபடுமே, கிட்டத்தட்ட அதேபோலத்தான். புதிதாக விழுந்த பனியை முதலில் கிளறி, உடைத்து, பொடியாக்க வேண்டும். பெரியதும் சிறியதுமாகத் துகள்கள் கலந்தால்தான் இடைவெளி அடைபடும். பிறகு ரோலர் விட்டு இறுக்க வேண்டும். அதற்குப் பின் செய்ய வேண்டிய வேலை, சும்மா விடுவது. பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் தொடும் இடத்தில் நீராவி போய்ப் படிந்து படிந்து ஒட்டும். அந்த ஒட்டு உறுதிப்பட நேரம் ஆகும். குளிர் அதிகமானால் மெதுவாகும், சூடு அதிகமானால் ஒட்டவே ஒட்டாமல் இளகும். ஓரளவு வெதுவெதுப்பான நேரத்தில் இறுக்கி, குளிர்ந்த நேரத்தில் கெட்டிப்பட விடுவதே நல்லது. இப்படி ஓர் அடுக்கு முடிந்தபின் அடுத்த அடுக்கு.

கெட்டியானதா என்று பார்க்க ஒரு கோல் உண்டு. கூர்முனையைப் பனிமேல் நிறுத்தி, கோலில் கோத்திருக்கும் எடையைக் குறித்த உயரத்திலிருந்து விழவிட்டு, ஒவ்வொரு முறை விழும்போதும் முனை எவ்வளவு இறங்குகிறது என்று அளப்போம். ஒருவர் அடிக்க, ஒருவர் அளவு சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். பென்சிலில்தான் எழுத வேண்டும், பேனா மை உறைந்துவிடும். நீண்ட ஓடுபாதையில் பல இடங்களில் இதைச் செய்து முடிக்கும்போது விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கும். அதற்கடுத்து சோதனை வண்டி வரும். விமானச் சக்கரத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றடித்த டயர்கள், மேலே அடுக்கிய எடைகள். டிராக்டர் அதை ஓடுபாதை நெடுக இழுத்துப் போகும். நாங்கள் பின்னால் நடப்போம். டயர் தடம் லேசாகப் பதிந்திருந்தால் சரி. எங்காவது அமுங்கினால் கொடி நட்டுவிட்டு, அந்த இடத்தை வெட்டி எடுத்து, புதிய பனியை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து, மறுபடி ஆறவிட வேண்டும்.

இதில் அனுபவம் என்பது எங்கே இருக்கிறது? கேபினில் உட்கார்ந்தவரின் இருக்கையில் இருக்கிறது. கெட்டியான பனியில் பிளேடு போகும்போது வரும் அதிர்வு ஒன்று. உள்ளே பொக்கு இருந்தால் வரும் அதிர்வு வேறு. மேகம் மூடி வெளிச்சம் தட்டையாகிவிட்டால் மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது, எதிரே இருப்பதெல்லாம் ஒரே வெள்ளை. அந்த நேரத்தில் உடம்புதான் மட்டம் சொல்லும். என்னோடு வேலை செய்த ஒரு பெண் ஆபரேட்டர், எங்கே பொக்கு என்று கோல் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். கோலை அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்ன இடமாகவே இருக்கும். பல பருவங்கள் அதே பனியில் உட்கார்ந்து வந்த அறிவு அது.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். அந்த வேலைக்கு ஆள் எடுப்பது கோடைக்கு மட்டும். அக்டோபரில் வந்து பிப்ரவரியில் கிளம்பிவிடுவார்கள். அடுத்த பருவத்துக்கு அதே ஆள் வருவாரா என்பது அவர் வீட்டு நிலைமையையும், வேறு வேலை கிடைத்ததா என்பதையும் பொறுத்தது. ஒரு பருவத்தில் எங்கள் குழுவில் பழைய ஆட்கள் மிகக் குறைவு. இறுக்கிய அடுக்கு ஆற வேண்டிய நேரத்தைக் குறைத்து, விமான அட்டவணைக்கு ஏற்ப முடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது. முடியாது என்று எடுத்துச் சொல்ல, பல பருவம் பார்த்த ஒரு வயதானவர் மட்டுமே இருந்தார். அவர் அசையவில்லை. சோதனை வண்டியை ஓட்டிக் காட்டினார், தடம் அமுங்கியது, விமானம் தள்ளிப்போனது. அவர் அந்த வருஷம் வராமல் போயிருந்தால் அந்த வார்த்தையைச் சொல்ல யார் இருந்திருப்பார்கள் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மக்மர்டோவுக்குச் சுமார் 3,800 கி.மீ. நடுவில் இறங்க இடமே இல்லை. வானிலை கெட்டால் பாதி வழியில் திரும்பிவிடலாம். அதை அங்கே பூமராங் என்பார்கள். அந்தப் புள்ளியைத் தாண்டிவிட்டால் விமானிக்கு இருக்கும் ஒரே நம்பிக்கை, நாங்கள் சரி என்று சொன்ன தரைதான்.

தென் துருவ நிலையத்தில் வேலை வேறு மாதிரி. கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். அங்கே சக்கரத்தில் எதுவும் இறங்காது, பனிச்சறுக்குக் கட்டை பூட்டிய எல்.சி.-130 தான் வரும். அந்தக் குளிரில் பனி மணல் மாதிரி ஆகிவிடும், ஒட்டாது, சறுக்காது. 1956 அக்டோபர் 31 அன்று அமெரிக்கக் கடற்படையின் ஜார்ஜ் டுஃபெக் குழு முதன்முதலாக அங்கே விமானத்தில் இறங்கியபோது ஓடுபாதையும் இல்லை, அதைச் சீர்செய்யும் ஆளும் இல்லை. கிளம்பும் நேரத்தில் சறுக்குக் கட்டைகள் பனியோடு ஒட்டி உறைந்துபோயிருந்தன. ராக்கெட் குப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்தி, பிய்த்துக்கொண்டுதான் எழும்பினார்கள். இன்று அந்த அவஸ்தை இல்லை. நீண்ட பாதையைத் தினமும் இழுவைச் சட்டம் கட்டி இழுத்து, காற்று செதுக்கிவிட்டுப்போன முகடுகளைத் தேய்த்து, ஓரம் நெடுக மூங்கில் கழியில் கொடி நட்டு வைக்கிறார்கள். விமானம் வந்தால் எஞ்சினை நிறுத்தாமலே சரக்கை இறக்கிவிட்டுப் போகும்.

கோடையில் இது சரி. குளிர்காலத்தில் என்ன ஆகும் என்பதை உங்கள் முன் வைக்கத்தான் துருவத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை விமானம் கிடையாது. 1999-இல் நிலைய மருத்துவர் ஜெர்ரி நீல்சனுக்கே மார்பில் கட்டி கண்டபோது, ஜூலை இருட்டில் மருந்தைப் பாராசூட்டில் போடத்தான் முடிந்தது. போட வேண்டிய இடத்தைக் காட்டப் பீப்பாய்களில் தீ மூட்டி வைத்தார்கள். அக்டோபரில்தான் அவரை அழைத்து வர முடிந்தது. 2001 ஏப்ரலில் வேறொரு மருத்துவரையும், 2016 ஜூனில், சூரியனே இல்லாத நடுக்குளிர்காலத்தில், நோயுற்ற இரண்டு பணியாளர்களையும், பிரிட்டனின் ரொதேரா தளத்திலிருந்து சுமார் 2,400 கி.மீ. பறந்து வந்த ட்வின் ஆட்டர் சிறுவிமானங்கள் மீட்டுச் சென்றன. விமானிகளின் துணிச்சலை உலகம் பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் இறங்கிய பாதையை மைனஸ் 60-இல், இருட்டில், பல மாதமாகக் குவிந்த பனியைத் தள்ளித் தயார் செய்தவர்கள் நிலையத்திலேயே இருந்த சில பேர். எண்ணெய் கூழாகிவிடும் குளிரில் டிராக்டரைச் சூடேற்றி எழுப்பவே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அந்த வேலையைச் செய்தவருக்குத்தான் தெரியும்.

விமானத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், விமானியையும் வரவழைக்கலாம். ஓடுபாதை போடுபவரை மட்டும் அப்படி வரவழைக்க முடியாது. அவர் இறங்க முதலில் ஓடுபாதை வேண்டுமே!

நம் நிலைமைக்கு வருகிறேன். இந்தியா, ட்ரோம்லான் என்ற பல நாடுகளின் கூட்டு விமான ஏற்பாட்டில் உறுப்பினர். கேப் டவுனிலிருந்து கிளம்பும் விமானம், ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள நீலப் பனிக்கட்டி ஓடுபாதையில் இறங்குகிறது. அங்கிருந்து மைத்ரி கைக்கெட்டும் தூரம். இயற்கையே தந்த தளம் என்பதால் நமக்கு அதில் பெரிய வேலை இருந்ததில்லை. ஆனால் பனிக்கட்டியும் கோடை உச்சத்தில் உருகி இளகும். கன விமானங்களைச் சில காலம் நிறுத்திவைக்க வேண்டியும் வரும். பெகாசஸுக்கு நேர்ந்தது எந்த ஓடுபாதைக்கும் நேரலாம். நம் இன்னொரு நிலையமான பாரதியோ மைத்ரியிலிருந்து சுமார் 3,000 கி.மீ. அப்பால், லார்ஸ்மன் குன்றுகளில் இருக்கிறது. அங்கே பக்கத்து ரஷ்ய நிலையமான புரோகிரஸ், இறுக்கிய பனியிலேயே ஜெனித் என்ற ஓடுபாதையைப் போட்டு 2022-இல் ஐ.எல்.-76 விமானத்தை இறக்கியது. அவர்களுக்கு இது புதுக் கலை அல்ல. மலோதியோஷ்னயா நிலையத்தில் 1980-லேயே இறுக்கிய பனியில் சக்கர விமானம் இறக்கியவர்கள். இடையில் பல ஆண்டுகள் அந்த ஓடுபாதை கைவிடப்பட்டாலும், தெரிந்த வித்தை நாட்டில் இருந்தது. தேவை வந்தபோது எடுத்துக்கொண்டார்கள்.

பனி என்ன செய்யும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. நம் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனித்தட்டின் மேல் கட்டப்பட்டு, சில ஆண்டுகளிலேயே பனிக்குள் புதைந்துபோனது. அதை நேரில் பார்த்தவர்கள், அதைத் தோண்டித் தோண்டி வாசல் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கற்றது எவ்வளவு அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது?

ஆகவே நான் கேட்பது இதுதான். மைத்ரி–2 திட்டத்தில் ஓடுபாதைக் குழு என்று தனியாக ஒரு பிரிவை வையுங்கள். வாகன ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் தேவைப்படும்போது ஓடுபாதைக்கு அனுப்புவது போதாது. குழுவில் பாதிப் பேராவது முந்தைய பருவத்தில் அதே இடத்தில் வேலை பார்த்தவர்களாக இருக்க வேண்டும். அதற்கு ஒப்பந்தம் ஒரு பருவத்தோடு முடியாமல் சில ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும், இடைப்பட்ட மாதங்களில் அவர்களுக்கு இந்தியாவில் வேலையும் சம்பளமும் இருக்க வேண்டும். குளிர்காலம் தங்குபவர்களில் குறைந்தது இரண்டு பேருக்கு இருட்டில் அவசரப் பாதை போடும் பயிற்சி கட்டாயம் வேண்டும். இரண்டு பேர் என்பது ஏன் என்றால், நோயாளியாகிவிடுபவர் அந்த ஒருவராகவே இருந்துவிடலாம்.

ஆட்கள் எங்கே என்று கேட்பீர்கள். ஜோஜி லா கணவாயில் வருஷா வருஷம் பனியை வெட்டி வழி திறக்கும் எல்லைச் சாலைகள் அமைப்பில் இருக்கிறார்கள். பனியில் டோசர் ஓட்டுவதை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பனியைத் தள்ளாமல் இறுக்குவதைத்தான் கற்றுத்தர வேண்டும். எங்கள் பக்கத்து ரிக் ஆபரேட்டர்களும் கிரேடர் ஓட்டுபவர்களும் பனியைப் பார்த்ததே இல்லை, ஆனால் ஆள் அரவமற்ற இடத்தில் மாதக்கணக்கில் தங்கி, வண்டி நின்றுபோனால் கையில் இருக்கும் சாமானை வைத்தே ஓட வைத்துப் பழகியவர்கள். குழுவுக்கு இரண்டு வகை ஆட்களும் வேண்டும். பழகிக்கொள்ள இமயத்தில் உங்கள் மையத்தின் ஹிமான்ஷ் நிலையமே ஸ்பீதியில் 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் ஒரு சிறு பாதையைப் போட்டு, கோல் அடித்து, சோதனை வண்டி இழுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, முடிவெடுக்கும் உரிமை. ஓடுபாதை தயாரா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் அந்தக் குழுவின் மூத்த ஆபரேட்டரிடம் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் நிலையத் தலைவராலும் அதை மாற்ற முடியக்கூடாது. பத்தாவதோ ஐ.டி.ஐ.யோ படித்த ஒருவர் சொல்வதைக் கேட்டு விமானத்தைத் தள்ளிவைக்கும் மனப்பக்குவம் நம் அலுவலகங்களில் வர வேண்டும். எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான், இயந்திரமோ பணமோ அல்ல.

மக்மர்டோவில் இன்னொரு விமானத்தளம் இருக்கிறது, வில்லியம்ஸ் ஃபீல்டு. எல்.சி.-130 விமானங்கள் அங்கேதான் இறங்குகின்றன. ரிச்சர்ட் வில்லியம்ஸ் அமெரிக்கக் கடற்படைக் கட்டுமானப் பிரிவில் டிராக்டர் ஓட்டியவர். 1956 ஜனவரி 6 அன்று, நிலையம் அமைக்கும் வேலையின்போது கடல் பனி உடைந்து டிராக்டரோடு மூழ்கி இறந்தார். தளபதிகள், ஆய்வாளர்கள் என்று எத்தனையோ பெயர்கள் கிடைத்திருக்கும்; ஒரு டிராக்டர் ஓட்டுநரின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்துதான் நாங்கள் தினமும் வேலைக்குப் போவோம்.

நான் வேலை செய்த பருவங்களில் எழுதிவைத்த குறிப்பேடுகள் என்னிடம் இருக்கின்றன. எந்த வெப்பநிலையில் எத்தனை முறை ரோலர் விட்டோம், எவ்வளவு நேரம் ஆறவிட்டோம், கோல் எவ்வளவு இறங்கியது, எங்கே பொக்கு விழுந்தது, எப்படி அடைத்தோம் என்று எல்லாம் கைப்பட எழுதியவை. சொந்தக் குறிப்புகள்தான், யாருடைய ரகசியமும் இல்லை. நீங்கள் கேட்டால் தமிழிலும் ஆங்கிலத்திலும் சுத்தமாகப் படியெடுத்து அனுப்புகிறேன். முதல் குழுவுக்குப் பயிற்சி தர ஸ்பீதிக்கு வரச் சொன்னாலும், எந்தக் குளிர்காலமானாலும் சொந்தச் செலவில் வருகிறேன்.

இப்படிக்கு,
பனி ஓடுபாதைக் குழுவின் முன்னாள் ஆபரேட்டர்,
திருச்செங்கோடு